டாபு என்பதற்குத் துடக்கு என்று எழுதலாமோ?

பாலையூற்றுப் பெடியன்

உயர்தர மாணவருக்கு ‘டாபு’ (taboo) பற்றி ஒரு பக்கக் குறிப்பு எழுத வேணும். ஒரு அகராதி ‘சமூகத் தடை’ என்கிறது, இன்னொன்று ‘விலக்கு’, மூன்றாவது ‘தீட்டு’. எங்கட பக்கத்துப் பிள்ளைக்குத் ‘துடக்கு’ (பிறப்பு, இறப்பு போன்றவற்றால் வரும் தீட்டு) என்று எழுதினால் மேலதிக விளக்கமே தேவையில்லை. அப்படியே போட்டுவிடலாமோ? சொல் எந்த ஊர்ச் சரக்கு என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

உவர்மலை

போடாதையும் தம்பி. பாதிதான் பொருந்தும்.

முதலில் ஊர். சொல் பசிபிக் கடலில் உள்ள தொங்காத் தீவுகளுடையது. 1777இல் கப்டன் ஜேம்ஸ் குக் தன் மூன்றாவது பயணத்தில் அங்கே தங்கினார். சில தலைவர்களைச் சாப்பாட்டுக்கு அழைத்தார். வந்தார்கள், ஆனால் ஒருவரும் உட்காரவுமில்லை, ஒரு வாய் தொடவுமில்லை. ஏனென்று கேட்டதற்குத் தாங்கள் ‘தபு’ என்றார்கள். பரந்த பொருளுள்ள சொல், பொதுவாகத் தடுக்கப்பட்டது என்று கருத்து என அவர் குறித்து வைத்தார். அந்தக் குறிப்பு 1784இல் அச்சேறியது. சொல் ஆங்கிலத்துக்குள் போனது அந்த வழியால். ஆங்கில எழுத்தைப் பார்த்து வாசித்ததில்தான் நமக்கு ‘டாபு’. தொங்காவிலும் மாவோரியிலும் தபு, ஹவாயில் கபு. தொங்காவின் பெருந்தீவுக்குப் பெயரே தொங்கத்தபு.

மாவோரியிலும் ஹவாயிலும் இதற்கு எதிர்ச்சொல் ‘நோவா’. கட்டில்லாதது, சாதாரணமாகப் புழங்கக்கூடியது என்று பொருள். கவனியும், எதிர்ச்சொல் ‘சுத்தம்’ இல்லை. துடக்குக்கு எதிர் சுத்தம். இந்த இடத்திலேயே இரண்டும் வேறு வழியால் போகின்றன.

வேலை செய்கிற விதத்தைப் பாரும். 1806 முதல் 1810 வரை தொங்காவில் இருந்த வில்லியம் மரினர் என்ற ஆங்கிலேயர் சொல்லித்தான் விவரம் தெரியும். தன்னைவிட மேலான தலைவரையோ அவருடைய பொருளையோ தொட்டவர் கை தபு. இறந்த தலைவரின் உடலைத் தொட்டவர் கையும் தபு, அதுவும் பத்துச் சந்திர மாதத்துக்கு. அந்தக் கையால் உணவை எடுத்து உண்ண முடியாது, வேறொருவர் ஊட்டவேணும். முதல் வகையை நீக்க ஒரு முறை உண்டு: மேலான தலைவர் ஒருவரின் உள்ளங்காலை முதலில் உள்ளங்கையாலும் பிறகு புறங்கையாலும் தொட்டு, கையைத் தண்ணீரில் கழுவவேணும். தண்ணீர் கிட்ட இல்லாவிட்டால் வாழைத்தண்டுச் சாறு. மறந்து அந்தக் கையோடு சாப்பிட்டுவிட்டால் உடம்பு வீங்கிச் சாவான் என்பது நம்பிக்கை. அதற்கும் பரிகாரம் இருந்தது: தலைவரின் பாதத்தை எடுத்துத் தன் வயிற்றில் அழுத்தி வைத்திருப்பது.

தலைவர் பெரியவர், பிரேதம் பயப்படவேண்டியது. கைக்கு வந்தது ஒரே நிலை. ‘துடக்கு’ என்று எழுதினால் தலைவரைத் தொட்ட கையை எங்கே வைக்கப்போகிறீர்?

கோட்டைவாசல்

இவ்வளவு சுற்றத் தேவையில்லை. எல்லாம் பழைய காலச் சுகாதாரம். பன்றியில் புழு, பிரேதத்தில் கிருமி. விளங்கப்படுத்தத் தெரியாமல் சாமி பேரில் சொல்லி வைத்தார்கள். பிள்ளைகளுக்கு அப்படி எழுதிவிடுங்கோ.

ஏழூற்று

கோட்டைவாசல் அண்ணை, அந்த விளக்கம் செத்தவீட்டு வாசலிலேயே தடக்கி விழும்.

பிரேதத்தைக் குளிப்பாட்டித் துடைத்து, பாடையில் தோள் கொடுத்த அயலவருக்கு என்ன? சுடலையால் வந்து தோய்ந்தால் முடிந்தது. பிரேதத்தைக் கண்ணாலும் காணாத, கனடாவில் இருக்கிற தம்பிக்கு? 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை துடக்கு. தாலி கட்டிப் போன மகளுக்கு ஒரு கணக்கு, ஆண் வழிப் பங்காளிக்கு இன்னொரு கணக்கு. கிருமி இரத்த உறவு பார்த்துக் கடல் தாண்டாது. தொட்டதால் வருவதும் உறவால் வருவதும் வேறு வேறு. நாங்கள் இரண்டையும் ஒரே சொல்லால் சொல்லிப் பழகிவிட்டோம், குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

நாள் கணக்கையும் பாருங்கோ. மனுநூலில் பிராமணருக்கு 10 நாள், சத்திரியருக்கு 12, வைசியருக்கு 15, சூத்திரருக்கு ஒரு மாதம். எங்கட 31ஆம் நாள் இந்தக் கடைசிக் கணக்கோடுதான் ஒத்துப்போகிறது. ஐயர் வீட்டில் 10 நாளில் கழிகிற ‘கிருமி’ அடுத்த வளவில் 30 நாள் நிற்குமோ? பிந்திக் கேள்விப்பட்டவருக்கும் அதே நூல் விதி சொல்கிறது: பத்து நாளுக்குள் செய்தி வந்தால் மிச்ச நாள் மட்டும், பத்து கழிந்தபின் வந்தால் மூன்று இரவு, ஒரு வருடம் கழிந்து வந்தால் ஒரு முழுக்கு. செய்தி காதில் விழுந்த நாளில் இருந்துதான் துடக்குத் தொற்றுகிறது!

நடைமுறையில் பிழைக்கிற இடமும் இதுதான். காடாத்து, எட்டு என்று கிரியைகள் ஒழுங்காக நடக்கும், கன்னியா வெந்நீரூற்றுக்குப் போய் அந்தியேட்டியும் முடியும். ஆனால் இடையில் குடும்பத்தில் பிள்ளை பிறந்தால், இல்லாவிட்டால் இன்னொரு சாவு விழுந்தால், எந்த நாளில் இருந்து எண்ணுவது என்று சண்டை வரும். பொதுவிதி, முதல் துடக்குக்குள் வருகிற அதே வகைத் துடக்கு முதலாவதோடு சேர்ந்து கழியும். கடைசி நாட்களில் வந்தால் நாள் கூடும். ஐயரிடம் கேட்கும்போது இரண்டு திகதியையும், உறவு முறையையும், பிறப்போ இறப்போ என்பதையும் சேர்த்துச் சொல்லவேணும். பாதி சொன்னால் பாதிக் கணக்குத்தான் வரும்.

கோட்டைவாசல்

சரி, பங்காளி விஷயத்தை விடுகிறேன். பன்றி?

உவர்மலை

பன்றி இறைச்சிப் புழு மனிதருக்கு நோய் தரும் என்பது நிறுவப்பட்டதே 1860இல். லேவியராகமத்தில் பன்றி விலக்கப்படுவதற்குச் சொல்லப்படும் காரணம் புழு இல்லை: குளம்பு பிளந்தது, ஆனால் அசைபோடாது. ஒட்டகமும் முயலும் அதே அதிகாரத்தில் விலக்கு, அவை மறுபக்கத்தால் தவறுகின்றன. கடலில் செட்டையும் செதிளும் இல்லாதது கூடாது. அந்தக் கணக்கில் எங்கட இறால், நண்டு, கணவாய் எல்லாம் வலையோடு திரும்பிப் போகவேணும்! அடைப்பான் நோய் மாட்டாலும் ஆட்டாலும் வருகிறது, அவற்றைத் தின்னலாம்.

1966இல் மானிடவியலாளர் மேரி டக்ளஸ் சொன்னது இந்த இடத்துக்குத்தான். ஒவ்வொரு சமூகமும் உலகத்தைப் பெட்டி பெட்டியாகப் பிரித்து வைத்திருக்கிறது. எந்தப் பெட்டிக்குள்ளும் அடங்காதது, இல்லாவிட்டால் தன் பெட்டியை விட்டு வெளியே கிடப்பது அழுக்கு. தமிழருக்கு இது புதுசு இல்லை. ‘தலையின் இழிந்த மயிர்’ என்று குறள் (964) சொல்வதும் இதே பார்வைதான். தலையில் இருக்கும்போது எண்ணெய் வைத்துப் பூச்சூட்டிய மயிர், சோற்றுக் கோப்பைக்குள் விழுந்தால் கோப்பையே குப்பைக்குப் போகும். மயிர் மாறவில்லை, இடம் மாறியது.

இன்னொரு மானிடவியலாளர் மாவின் ஹாரிஸின் கட்சியும் உண்டு: பன்றிக்கு நிழலும் ஈரமும் வேணும், புல் மேயாது, மனிதன் தின்னும் தானியத்தையே தின்னும், பாலில்லை, உழவுக்கு உதவாது, ஆகவே வறண்ட நிலத்தில் வளர்ப்பது நட்டம். பன்றிக்கு இது நல்லாய்ப் பொருந்துகிறது. தலைவரின் பாயைத் தொடக்கூடாது என்பதற்குப் பொருந்தாது.

மூதூர்க்கரை

அஸ்ஸலாமு அலைக்கும். குறிப்பில் ‘இஸ்லாமியரின் டாபு: பன்றி, மது’ என்று ஒரு வரி வரப்போகிறது என்று தெரியும், அதுக்கு முதலே எழுதுகிறேன். ஹராம் (மார்க்கம் தடுத்தது) என்பதைத் தபுவோடு ஒன்றாக்க வேண்டாம்.

ஒரு ஒற்றுமை மெய். ஹராம் என்ற சொல்லின் வேரிலும் இரண்டு பக்கமும் இருக்கிறது. மஸ்ஜிதுல் ஹராம் என்றால் மதிப்புக்குரிய பள்ளி, ஹராமான உணவு என்றால் தின்னக்கூடாதது. ஹஜ்ஜுக்காக இஹ்ராம் உடுத்த ஆளுக்கு மணம் பூசுவது, முடி நகம் வெட்டுவது, தரையில் வேட்டையாடுவது எல்லாம் கூடாது. அந்த நிலை முடிந்ததும் எல்லாம் ஆகும்.

ஆனா தபு தன்பாட்டில் தண்டிக்கிறது. தெரிந்து தொட்டாலும் தெரியாமல் தொட்டாலும் வயிறு வீங்கும். எங்கட சட்டத்தில் மறதிக்கும் கட்டாயத்துக்கும் இடம் இருக்கிறது. பட்டினியால் உயிர் போகிற நிலையில் இருப்பவர் வரம்பு மீறாமல் பன்றி இறைச்சி தின்றாலும் குற்றமில்லை, குர்ஆன் 2:173. இஹ்ராமில் நோயின் நிமித்தம் தலை மழிக்க வேண்டி வந்தால் பரிகாரம் திட்டமாகச் சொல்லப்பட்டிருக்கிறது: மூன்று நோன்பு, அல்லது ஆறு ஏழைகளுக்கு உணவு, அல்லது ஓர் ஆடு. விரும்பியதைத் தெரியலாம்.

இன்னொன்று, ஹராம் வேறு, நஜீஸ் (அசுத்தம்) வேறு. இதில்தான் எங்கட ஆட்களே பிழை விடுகிறது. களவெடுத்த காசு ஹராம், நஜீஸ் இல்லை, சட்டைப்பையில் வைத்துத் தொழுதால் உடுப்பைக் கழுவ வேண்டியதில்லை. நாய் வாய் வைத்த பாத்திரம் நஜீஸ்: ஷாஃபி மத்ஹபில் (சட்டப் பிரிவில்) ஏழு தரம் கழுவவேணும், அதில் ஒரு தரம் மண் கலந்த தண்ணீர். ஏழு தரமும் சவர்க்காரம் போட்டாலும் மண் இல்லாவிட்டால் சரிவராது என்பதே மத்ஹபின் பலமான கருத்து.

கணவனை இழந்த பெண் இருக்கிற இத்தாக் காலத்தையும் துடக்கு என்று எழுதிவிடாதீங்க. கணவன் மௌத்தானால் 4 மாதம் 10 நாள், கர்ப்பிணியானால் பிரசவம் வரை. அந்தப் பெண் தொட்ட எதுவும் அசுத்தமாகாது, அவள் சமைத்ததை எல்லாரும் சாப்பிடலாம்.

பாலையூற்றுப் பெடியன்

நானா, அந்த வரி உண்மையாகவே வரைவில் இருந்தது. வெட்டிவிட்டேன். அப்ப தபுவை அடையாளம் காண என்னதான் கேள்வி கேட்கிறது?

உவர்மலை

தொற்றுமா? தண்டனை ஆள் இல்லாமல் தானாக நடக்கிறதா? தெரியாமல் செய்தாலும் பிடிக்குமா? கழிக்கச் சடங்கு உண்டா? நாலுக்கும் ஓம் என்றால் தபு. வீதிச் சட்டம் தெரியாமல் செய்தாலும் பிடிக்கும், ஆனால் மற்ற மூன்றும் அதற்கு இல்லை. சிவப்பு விளக்கில் போனவனைத் தொட்டால் நமக்குத் தண்டப்பணம் வராது.

பத்தியத்துக்கு முதலாவதும் நாலாவதும் இல்லை. பிள்ளை பெற்றவளுக்குச் சரக்குக்கறி கொடுப்பதும், குளிர்ச்சியான மரக்கறியை மறிப்பதும் உடம்புக்காக. மீறினால் உடம்புக்குக் கெடுதி என்பார்களே தவிர, தொட்டவருக்குத் தொற்றும் என்று யாரும் சொல்வதில்லை. அதே வீட்டில் அதே 31 நாளில் துடக்கும் ஓடுவதால் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள்.

ஏழூற்று

பத்தியம் என்று சொல்லித் தண்ணீரையும் மறிக்கிற வீடுகள் உண்டு. அது பத்தியமுமில்லை, துடக்குமில்லை, பிழை. பால் கொடுக்கிறவளுக்குத் தண்ணீர் வழமையைவிடக் கூட வேணும். குறிப்பில் இதையும் ஒரு வரி சேர்த்துவிடும் தம்பி.

இன்னொரு இடம். கோட்டைவாசல் அண்ணைக்குக் கொஞ்சம் புள்ளி கிடைக்கும். கொப்புளிப்பான் போட்டால் ‘அம்மாள் வந்திருக்கிறா’ என்று சொல்லி, வாசலில் வேப்பிலை செருகி, வீட்டில் தாளிப்பும் மச்சமும் நிறுத்தி, கொப்புளம் காய்ந்தபின் மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீர் வார்ப்பார்கள். அதுவரை வெளியார் உள்ளே வரமாட்டினம், வீட்டார் வேறு வீட்டுக்குப் போகமாட்டினம். நோய் தொற்றுகிற காலமும் கொப்புளம் எல்லாம் பொருக்கு விடும்வரைதான். பொருந்துகிறது. ஆனால் தாளிக்கக்கூடாது என்பதற்குக் கிருமி பதில் சொல்லாது. அது அம்மாளின் சூட்டைப் பற்றியது.

கோட்டைவாசல்

அரைப் புள்ளிக்கு நன்றி.

களவெட்டி

ஒருவரும் வாயைப் பற்றிப் பேசவில்லையே. தொடக்கூடாதது மட்டுமில்லை, சொல்லக்கூடாததும் தபுதான். அதற்குத் தமிழ் இலக்கணத்தில் தனி இடமே உண்டு. தொல்காப்பியம் ‘அவையல் கிளவி மறைத்தனர் கிளத்தல்’ என்கிறது. நன்னூல் தகுதி வழக்கு என்று பெயர் வைத்து மூன்றாகப் பிரிக்கிறது: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. செத்தார் என்னாமல் துஞ்சினார் என்பது மங்கலம். மலம் கழுவி வந்தார் என்னாமல் கால் கழுவி வந்தார் என்பது இடக்கரடக்கல். இரண்டுக்கும் வித்தியாசம் பெரிது. இடக்கரடக்கலை மீறினால் வெட்கம், சபை சிரிக்கும். மங்கலத்தை மீறினால் பயம், சொன்னது நடந்துவிடும் என்பார்கள். உவர்மலை ஐயாவின் கேள்விகளை வைத்துப் பார்த்தால் தபுவுக்குக் கிட்ட வருவது மங்கலம் மட்டும்தான்.

தம்பலகாமம் பக்கம் களத்தில் இது இன்னும் தெளிவு. சூடு அடித்துத் தூற்றிக் குவிந்ததை நெல் என்று சொல்வதில்லை, ‘பொலி’. அளக்கிறபோது முதல் மரக்காலை ‘ஒன்று’ என்று எண்ணுவதில்லை, ‘லாபம்’, பிறகுதான் இரண்டு, மூன்று. களத்துக்குள் செருப்பு ஏறாது. ‘முடிஞ்சுது’, ‘இல்லை’ என்ற சொற்கள் வாயில் வரக்கூடாது. இப்ப அறுவடை மெஷின் வரம்பிலேயே மூட்டையில் கொட்டிவிடுகிறது. களம் போனதும் களத்துச் சொல்லும் போகிறது. லாபம் என்று எண்ணுகிற பழக்கம் மட்டும் தராசுக்காரரிடம் மிஞ்சி நிற்கிறது.

வீட்டிலும் பாருங்கோ. வெளிக்கிடும்போது ‘போறன்’ என்னக்கூடாது, ‘போட்டு வாறன்’. செத்தவீட்டில் இதே விதி தலைகீழ்: அங்கே ‘போட்டு வாறன்’ என்று சொல்லவே கூடாது, பேசாமல் எழும்பி நடக்கவேணும். நல்ல சொல், கெட்ட சொல் என்று நிரந்தரமாக ஒன்றும் இல்லை. எந்த வாசலில் நின்று சொல்கிறீர்கள் என்பதுதான் கணக்கு. மயிர்க் கதைதான் இதுவும்.

பாலையூற்றுப் பெடியன்

அருமை அண்ணை. உவர்மலை ஐயா, முதலில் கேட்டீர்களே, புனிதமான பக்கத்தின் தொற்று? எங்களிடம் அது இல்லையோ?

உவர்மலை

இருக்கிறது. துடக்கு என்று பெயர் சொல்வதில்லை, அதால் கண்ணில் படுவதில்லை.

முதலில் ஒரு சட்டியை வைத்து விளங்குவோம். லேவியராகமம் 11:33: செத்த பல்லி மாதிரி ஒன்று மண்பாண்டத்துக்குள் விழுந்தால் பாண்டத்தை உடைக்கவேணும். 6:28: பாவநிவாரண பலியின் இறைச்சி அவித்த மண்பாண்டத்தையும் உடைக்கவேணும், செப்புப் பானையானால் மினுக்கிக் கழுவினால் போதும். முதலாவது அசுத்தம், இரண்டாவது மகா பரிசுத்தம். சட்டிக்கு இரண்டிலும் ஒரே விதி. காரணம் சட்டியில் இருக்கிறது: மண் உறிஞ்சும், உலோகம் உறிஞ்சாது. எங்கட வழக்கத்திலும் துடக்கு வீட்டு மண்சட்டி வெளியே போகும், பித்தளைக் குடத்துக்குப் புளியும் சாம்பலும்.

இப்ப கோயிலுக்கு வாரும். சிவனுக்குச் சாத்திக் கழித்த பூவும் படைத்த அன்னமும் நிர்மாலியம். மிதிபடக்கூடாது. அது சண்டேசுரருக்கு உரியது. அவர் சந்நிதியில் கையை மெல்லத் தட்டிக் காட்டுவது ஒன்றும் எடுத்துப்போகவில்லை என்று சொல்லத்தான் என்பது சனங்களின் விளக்கம். ‘சிவசொத்து குலநாசம்’ என்ற பழமொழியில் நீதவானும் இல்லை, பொலிசும் இல்லை. சொத்தே தண்டிக்கிறது. எடுத்தவனோடு நிற்காமல் குலத்துக்கும் போகிறது. இதைவிடச் சுத்தமான தபு தொங்காவிலும் கிடைக்காது.

சங்கப் பாட்டில் இரண்டு பக்கமும் ஒரே வரியில் நிற்கின்றன. புறநானூறு 299இல் பொன்முடியார், போர்க்களத்தில் ஒதுங்கி நின்ற குதிரைகளை ‘அணங்குடை முருகன் கோட்டத்துக் கலந்தொடா மகளிர்’ போல என்கிறார். மாதவிலக்கான பெண்கள் கோயில் பாண்டங்களைத் தொடாமல் விலகி நிற்கிறார்கள். முருகன் பக்கம் அணங்கு என்கிற அச்சம் தரும் வல்லமை, பெண்கள் பக்கம் விலக்கு. நடுவில் ஒரு கலம், அதை யாரும் தொடவில்லை.

ஏழூற்று

சொற்களையும் பாருங்கோ. தீட்டு, தீண்டு என்பதோடு சேர்ந்தது. துடக்கு, தொடக்கு என்பதன் திரிபு, சிக்கவைப்பது, பிணைப்பது. இரண்டும் ஒட்டிக்கொள்வதைச் சொல்கின்றன. விலக்கு, தள்ளி நிற்பதைச் சொல்கிறது. தபுவுக்கு இரண்டும் வேணும்.

‘விலக்கு’ என்று மட்டும் எழுதினால் பிள்ளைகளுக்கு மதுவிலக்கும் மாதவிலக்கும்தான் முதலில் நினைவுக்கு வரும்.

உவர்மலை

சரியாய்ச் சொன்னீங்க தங்கச்சி.

ஒரு எச்சரிக்கை. 1888இல் மானிடவியலாளர் பிரேசர் பிரித்தானியக் கலைக்களஞ்சியத்துக்கு எழுதிய பதிவும், அடுத்த வருடம் ராபர்ட்சன் ஸ்மித் எழுதியதும், 1913இல் பிராய்ட் எழுதியதும் இந்தப் ‘புனிதமும் அசுத்தமும் ஒன்று’ என்பதை ஆதிமனிதனின் குழப்பமாகவே காட்டின. பிராய்ட் ஒரு படி மேலே போய், ஆசையும் பயமும் ஒரே பொருளில் விழுவதுதான் தபு என்று நரம்பு நோயாளியோடு ஒப்பிட்டார். மானிடவியலாளர் பிரான்ஸ் ஸ்டைனர் (நூல் 1956இல், அவர் இறந்தபின் வந்தது) இதைக் கிழித்தார்: குழப்பம் தொங்கா, ஹவாய் போன்ற தீவுகளின் பொலினீசியரிடம் இல்லை, புனிதத்தையும் ஆபத்தையும் வேறு வேறு அறையில் வைத்துப் பழகிய ஐரோப்பியரிடம். எனக்கு ஸ்டைனர் பக்கம்தான் சரி. குறிப்பில் ‘காட்டுவாசிகளின் மூடநம்பிக்கை’ என்ற தொனி வராமல் பாரும்.

கோட்டைவாசல்

அப்ப இதெல்லாம் எப்படி இல்லாமல் போகிறது? படிப்பு வந்தால் போய்விடுமோ?

உவர்மலை

ஹவாயில் ஒரு சாப்பாட்டில் போனது. அங்கே ஆணும் பெண்ணும் ஒன்றாக உண்பது கபு. பன்றி, தேங்காய், பெரும்பாலான வாழைப்பழ வகை பெண்களுக்குக் கபு, மீறினால் கொலை. 1819இல் முதலாம் கமேஹமேஹா இறந்தபின், அவர் மனைவியரில் ஒருவரான காஅஹுமனுவின் தூண்டுதலில் புது அரசன் லிஹோலிஹோ பெண்களோடு ஒரே பந்தியில் இருந்து உண்டான். வானம் இடிந்து விழவில்லை. கோயில்களையும் உருவங்களையும் எரிக்கச் சொன்னான். எதிர்த்துக் கிளம்பிய உறவினன் சண்டையில் செத்தான். மிஷனரிமார் வந்தது 1820இல். அதாவது வெளியார் வந்து உடைக்கவில்லை. தபு தானாகத் தண்டிக்கும் என்பதில்தான் அதன் பலம், எல்லார் முன்னாலும் ஒருமுறை தண்டிக்காமல் விட்டால் பலம் போய்விடும். ஆனால் உண்டவன் அரசன் என்பதையும் மறக்காதையும். சாதாரண ஆள் உண்டிருந்தால் கதை வேறு.

பாலையூற்றுப் பெடியன்

வரைவு இது, பாருங்கோ:

“தபு: ஒரு பொருள், ஆள், இடம் அல்லது சொல் மீறக்கூடாத வல்லமை உடையது என்பதால் அதைச் சாதாரணப் புழக்கத்திலிருந்து விலக்கி வைத்தல். தொட்டவருக்கும் அந்நிலை தொற்றும். மீறல் தானாகவே தண்டிக்கும். நீக்கச் சடங்கு உண்டு. எமது துடக்கு, நிர்மாலியம், மங்கல வழக்கு ஆகியன இதன் வெவ்வேறு பகுதிகளுக்கு நெருங்கியவை. தொங்காவில், தலைவரைத் தொட்டவர் கையைக் கழுவியபின் அவர் உள்ளங்காலைத் தொடுவார்.”

மூதூர்க்கரை

ஹராம் இல்லை, நல்லம்.

உவர்மலை

கடைசி வரியில் வரிசை பிழைத்துவிட்டது தம்பி. முதலில் உள்ளங்கால், பிறகு கழுவுவது. கால் பட்ட கையைத்தான் கழுவுகிறார்கள். ‘அவர்’ என்றும் எழுதாதையும், அதே தலைவராகவே இருக்கவேணும் என்றில்லை, மேலான தலைவர் ஒருவர்.